எதிர்வீட்டு மோர்

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். நான் கையில் மோர் டம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மோர். டம்ளர் வேர்த்து, தண்ணீர் என் கால் விரலில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாய் குடியுங்கள் என்றேன். அசையவில்லை. அரை வாய் என்றேன். அதற்கும் அசையவில்லை. திரும்பாமலே இரண்டு விரலால் வயிற்றைத் தட்டிக் காட்டினார். டொம் டொம்மென்று சத்தம் வந்தது. காலையில் சாப்பிட்ட ஒரே ஒரு இட்லி அங்கேயே குந்திக்கொண்டிருக்கிறதாம், அதற்கு மேல் இடமில்லையாம்.

இத்தனைக்கும் நான் யார்? ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் முப்பது வருஷம் சேலை எடுத்துப் போட்டவள். "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை எல்லாம் இரண்டு சேலையோடு அனுப்பியிருக்கிறேன். கட்டின புருஷனை ஒரு டம்ளர் மோர் குடிக்க வைக்க என்னால் முடியவில்லை. வந்ததே எனக்கு ஆத்திரம். டம்ளரை ஜன்னல் மேடையில் டக்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், மிக்ஸியை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன்.

இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மாதம் சரியாக நினைவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தெருவில் மாங்காய் வண்டி வர ஆரம்பித்திருந்தது.

போன வாரம் எங்கள் கடையின் முகூர்த்த நாள் கூட்டத்தைப் பற்றி இங்கே எழுதும்போது, மத்தியானம் ஒரு சொம்பு மோரில்தான் எங்கள் உயிர் ஓடும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, வயிற்று உப்புசத்துக்கு மோர் கேட்குமா, எப்படிக் கலக்க வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியச்சி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு மோர்க் கதைதான். சொல்கிறேன், மீதியை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தறிக்காரர் வயிறு

பட்டுத் தறியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வயிற்றின் கஷ்டம் தெரியும். குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு, முன்னால் குனிந்தபடி உட்கார வேண்டும். நெய்த சேலை சுருளுகிற கட்டை நேராக வயிற்றுக்கு எதிரில் வந்து நிற்கும். சாப்பிட்ட கை காய்வதற்குள் போய் அப்படி மடங்கி உட்கார்ந்தால் சோறு எந்த வழியாகப் போகும், சொல்லுங்கள்.

அதனால் எங்கள் தெருவில் கேஸ் பிடிக்காத தறிக்காரரே கிடையாது. ஒருவர் ஓமத் தண்ணீர் குடிப்பார், ஒருவர் சீரக சோடா குடிப்பார். இன்னொருவர் மருந்துக் கடையில் ரோஸ் கலர் டானிக்கை வாங்கி, தண்ணீர் குடிப்பதுபோல் கடை வாசலிலேயே நின்று பாதி பாட்டிலை முடித்துவிட்டு வருவார். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நடங்கள் என்று சொன்னால் மட்டும் ஒருவர் காதிலும் ஏறாது. இழை அறுந்து கிடக்கிறது, நான் எங்கே நடப்பது என்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தப் பேஜார் ரொம்ப நாள் இல்லாமல் இருந்தது. அதற்குக் காரணம் எதிர்வீடு.

எதிர்வீட்டில் பழனி இருந்தார். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று பிரித்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அந்தத் தறி பழனி வீட்டில் இருந்தது. பழனி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். எனக்குக் கல்யாணமாகி நான் இந்தத் தெருவுக்கு வந்தபோதே இரண்டு பேரும் அப்படித்தான் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் என்னோடு பேசியதைவிடத் தறியில் பழனியோடு பேசியதுதான் அதிகம். பேசுவது என்றால் என்ன, பாதி நேரம் வம்பு.

பழனியின் மனைவி கஸ்தூரி. என்னைவிடச் சின்னவள். வெயில் முற்றத்துக்கு வருகிற நேரத்தில் அவள் மோர் கலந்து வைத்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுப்பாள். பட்டுக்குப் பக்கத்தில் மோர் வரக் கூடாது, ஒரு சொட்டு தெறித்தாலும் சேலை போச்சு. ஆகையால் இரண்டு பேரும் குழியை விட்டு ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வரைக்கும் போய்த்தான் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார்கள். மத்தியானம் பசியோடு வீட்டுக்கு வருவார் இவர். என் சமையலின் மகிமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழனிக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. கேஸ், கேஸ் என்று சோடாவாகக் குடித்துத் தள்ளிவிட்டுக் கடைசியில் போய்க் காட்டினார். அதற்குள் எல்லாம் கை மீறிப் போயிருந்தது. படுத்தார், எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் அந்த வீட்டுக்குள் போவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டிலேயே இருந்த தறியில் ஒற்றைக் கலர் சேலையாக எடுத்து, தனியாக உட்கார்ந்து நெய்தார். எதிர்வீட்டைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போக வேண்டும். அதற்காகவே டீயை விட்டார்.

மறைக்கிறாங்களாம்

அதன் பிறகு இவருக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. டாக்டர் கடுமையான மாத்திரையாகக் கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது, வயிறு போகவில்லை. இரண்டு கவளம் உள்ளே போனால் மத்தளம் மாதிரி ஊதிக்கொள்ளும். புளித்த ஏப்பம், நெஞ்சுக் கரிப்பு, விடிய விடிய நெளிவது. நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மூடி வைத்த சோறு மூடியபடியே இருக்கும். வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்தார்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று சொல்வார்கள். இரண்டுக்கும் பார்த்தோம். தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்க வைத்தேன். வேலூருக்குக் கூட்டிப்போய் வாய் வழியாகக் குழாய் விட்டும் பார்த்தோம்.

கட்டி கிட்டி ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இரைப்பை கொஞ்சம் புண்ணாகியிருக்கிறது, கடுமையான மருந்து சாப்பிட்டதில் குடல் சோர்ந்துபோயிருக்கிறது, ஆறிவிடும் என்றார். மாத்திரை எழுதினார். காரம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும், மோர் நல்லது, முக்கியமாக ஆளை எழுப்பி நடக்கவிடுங்கள் என்றார். எனக்கு டாக்டர் காலில் விழுந்து கும்பிடலாம் போல் இருந்தது.

ஆனால் அதை அவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். குழாய் விடுவதற்காகக் கொடுத்த மருந்தில் இவர் வெளியே பாதி மயக்கத்தில் கிடந்தார். அங்கேதான் வினை பிடித்தது.

திரும்பி வரும்போது பஸ் கண்ணமங்கலத்தில் நின்றது. ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி கேட்டார்.

"எத்தினி மாசம் தாங்கும்னு சொன்னாங்க மே?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள் என்றேன். அம்மன் மேல் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. ஒன்றுமில்லாததை எதற்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். அவர் அப்பாவும் வயிற்றில்தான் போனார். பழனியும் வயிற்றில்தான் போனார். பழனிக்கும் கடைசி வரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை, எல்லோரும் கேஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இவரும் சேர்ந்துதான் சொன்னார். அதனால் அந்த வார்த்தையின் மேல் இவருக்கு நம்பிக்கையே போய்விட்டது.

ரிப்போர்ட்டைக் காட்டினேன். இங்கிலீஷில் இருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும் என்றார். சென்னையில் இருக்கும் மகளுக்கு வீடியோ கால் போட்டு, அவளைப் படித்துச் சொல்ல வைத்தேன். பாவம், ஒரு வரி விடாமல் படித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீயும் உங்கம்மாவோடு கூட்டா என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நீ கடையில வேல செய்யறவ. எத வேணா நம்புற மாதிரி சொல்லுவ."

முப்பது வருஷம் வாயை விற்றுச் சாப்பிட்டதற்கு அதுதான் பலன்.

அன்றைக்குத் தறியை மூடினார். பாதி நெய்த சேலையின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தார். பழனி எப்படிப் படுத்தாரோ அதே மாதிரி, சுவரைப் பார்த்து. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் கிட்டே உட்கார்ந்து, கையைத் தடவி, வேண்டியதைக் கேளுங்கள், வாய்க்கு ருசியாக எதைக் கேட்டாலும் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். ஹார்லிக்ஸ் கொடுத்தார்கள், ஆரஞ்சு கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆரஞ்சுக்கும் அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே சுருங்கினார்.

டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் இல்லை, மோரும் இறங்கவில்லை. இப்படியே கிடந்தால், இல்லாத நோயே இவரைக் கொண்டுபோய்விடும் என்று எனக்குப் பயமாகிவிட்டது. உண்மையாகவே பயந்தேன்.

கடை மோர், வீட்டு மோர்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மோர் விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை.

வந்தவாசி, வெம்பாக்கம் பக்கத்திலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வேன் பிடித்து வருவார்கள். முதலில் ஓட்டலில் புகுந்து பூரி, பொங்கல், பரோட்டா என்று ஒரு கட்டு கட்டிவிட்டுத்தான் கடைக்கு வருவார்கள். வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்த அரை மணியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவுக்கு வயிறு உப்பும். அந்த அம்மாவுக்கு அதன் பிறகு எந்தக் கலரும் பிடிக்காது. அரக்கு வேண்டாம், மயில் கழுத்து வேண்டாம், இதென்ன ஜரிகை, இதென்ன கரை என்று சண்டைக்கு நிற்கும்.

எங்கள் முதலாளி விவரமானவர். வெயில் காலம், மழைக் காலம் பார்க்காமல் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பானை மோர் வைத்திருப்பார். பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை நசுக்கிப் போட்டது. அந்தப் பெரியம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். நான் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு ஏப்பம் வெளியே வந்ததும் அந்த அம்மா முகம் மலரும். வேண்டாம் என்று தள்ளிய அரக்கையே எடுக்கும். இது நான் கண்ணால் பார்த்தது.

ஆகவே வீட்டிலும் அதே போலத்தான் கலந்தேன். பாக்கெட் தயிர், இரண்டு சுற்று மிக்ஸி, இஞ்சி, பெருங்காயம், உப்பு. வெந்தயத்தை வறுத்துப் பொடி செய்தும் போட்டுப் பார்த்தேன். மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினதெல்லாம் போட்டேன். ஒரு வாய் எடுத்து உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஜில்லென்று இருக்கிறது, நுரையாக இருக்கிறது, வயிற்றில் போய்ப் பொங்குகிறது என்பார்.

நான் முதலில் சொன்னேனே, மிக்ஸிச் சத்தத்தில் அழுதேன் என்று, அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த வார்த்தை வந்தது. விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"கஸ்தூரி கலக்குற மோரா இருந்தா ஒரு டம்ளர் எறங்கும்."

சாப்பிடக் கேட்டுவிட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு என்ன வந்தது தெரியுமா? ரோஷம். ஒரு மாதமாக விதவிதமாக இடித்து, வறுத்து, கரைத்துக் கொண்டுவந்து நிற்கிறேன், என் மோர் பொங்குகிறது, அவள் மோர் இறங்குமா? அது என்ன அப்படி ஒரு அமிர்தம்? பின் தெருவில் மாடு வைத்திருக்கிறவர்களிடம் பால் வாங்குகிறாள், மண் சட்டியில் உறை ஊற்றுகிறாள், மத்தால் கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுகிறாள். அவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்? என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு விளக்கை அழுத்தித் தேய்த்தேன்.

போவதா, வேண்டாமா என்று வெகுநேரம் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். கடைசியில் சொம்பை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். மோருக்கு வந்தவள் மொந்தையை ஒளிப்பானேன் என்று பழமொழி இருக்கிறதே, அது எனக்காகவே சொல்லி வைத்தது.

வாசப்படி தாண்டாது

கஸ்தூரி அப்போதுதான் விளக்கேற்றிவிட்டுக் கதவுப் பக்கம் வந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையையும் பார்த்துவிட்டாள். நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். இவருக்கு ஒன்றும் இறங்கவில்லை, உன் மோரைக் கேட்கிறார், ஒரு சொம்பு கொடு என்றேன்.

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"வெளக்கு வச்சாச்சுக்கா. மோரு வாசப்படி தாண்டக் கூடாது."

விளக்கு வைத்த பிறகு மோர், உப்பு, ஊசி வெளியே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் வீட்டிலும் உண்டு. நான் மறுத்துப் பேச முடியாது. இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் புருஷனோடு ஒரே தறியில் உட்கார்ந்த மனுஷன், சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார், இந்த நேரத்தில் சாஸ்திரமா என்றேன். காலையில் வந்தாலாவது கொடுப்பாயா என்றும் கேட்டேன்.

அதற்கும் அவள் தலையசைக்கவில்லை. "அண்ணன இட்டுகினு வாக்கா. இங்க குந்திக் குடிக்கட்டும். எத்தினி டம்ளர் வேணா தரேன்" என்றாள்.

எழுந்து நிற்க முடியாதவரை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வெறும் சொம்போடு திரும்பினேன். என் வாழ்நாளில் ஒருத்தர் வாசலில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. தெருவில் யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டுக்குள் வந்ததும் அவ்வளவு கோபத்தையும் கட்டில் மேல் கொட்டினேன். உங்கள் கஸ்தூரி மோர் தரமாட்டாளாம், வேண்டுமானால் நீங்களே நடந்து போய்க் குடிக்க வேண்டுமாம், நல்ல மனுஷி, நல்ல மோர் என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் மெல்லப் புரண்டு என் பக்கம் பார்த்தார். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தே எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"தரமாட்டேன்னா சொன்னா?"

ஆமாம் என்றேன்.

"நேராவே சொன்னாளா?"

மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"சாவப் போறவனுக்கு யாராச்சும் மோரு இல்லன்னு சொல்லுவாங்களா மே?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சொம்பைக் கீழே வைத்தேன். வேலூர் டாக்டர் சொல்லி, ரிப்போர்ட் சொல்லி, மகள் சொல்லி, நான் சத்தியம் செய்து நம்பாதவர், கஸ்தூரி மோர் இல்லை என்று சொன்னதை நம்பிவிட்டார். பழனி படுத்திருந்த வீட்டுக்காரி அவள். அவளுக்குத் தெரியாத சாவா? நிஜமாகவே நமக்குக் கடைசி என்றால் அவள் ஓடி வந்து வாயில் ஊற்றியிருப்பாளே என்று இவர் கணக்குப் போட்டுவிட்டார்.

சட்டையை எடு என்றார். நான் அந்தச் சட்டையைத் தேடியது போல் எந்தப் பண்டிகைக்கும் தேடியதில்லை.

என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நடுத்தெருவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். பின் தெருவில் பவர்லூம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நிலையில் கையை வைத்தார், உள்ளே போக முடியாமல் அப்படியே நின்றார். கூடத்தில் அந்தத் தறி இருந்தது. பாவு நூல் இல்லாத வெறும் தறி. மேலே பழனியின் படம்.

"வாண்ணா" என்று கஸ்தூரி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். முன்பெல்லாம் மோருக்குக் குரல் கொடுப்பாளே, அதே போலத்தான் கூப்பிட்டாள். இவர் தறியைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

மோர் ஜில்லென்றும் இல்லை, நுரையும் இல்லை. அவள் கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு, பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினாள். இவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். நானும் அவளும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு வாய் குடித்தார். அப்புறம் டம்ளர் காலியாயிற்று. சற்றுப் பொறுத்து ஒரு ஏப்பம் வந்தது, புளிப்பில்லாத நல்ல ஏப்பம். பழனி இருந்திருந்தால் அதற்கு ஒரு வம்பு பேசியிருப்பார் என்று நினைத்திருப்பார் போல, இவர் சிரிக்கப் போய் அழுதுவிட்டார். பழனி இறந்தபோதுகூட இவர் அப்படி அழவில்லை. நாங்கள் தடுக்கவில்லை.

யாருடைய வைத்தியம்

மறுநாள் வெயில் முற்றத்துக்கு வந்ததும் அவரே சட்டையை மாட்டிக்கொண்டார். அதற்கடுத்த நாளும் போனார். முதலில் மோர் மட்டும், அப்புறம் அவள் வீட்டிலேயே குழைந்த சோற்றில் மோர் விட்டு ஒரு கிண்ணம், அப்புறம் என் வீட்டில் ரசம் சாதம். எதிர்வீடு வரை நடந்தவர் டீக்கடை வரை நடந்தார். இடுப்புக் கயிறு போயிற்று. ஒரு நாள் காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது உள்ளே தறிச் சத்தம் கேட்டது. வாளியை அப்படியே வைத்துவிட்டு நின்று கேட்டேன்.

அடுத்த முறை வேலூர் போனபோது மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். இருக்கலாம். ஒழுங்காகப் போட்டது அதன் பிறகுதானே. என் மகள் நடைதான் காரணம் என்கிறாள். இவரைக் கேட்டால் மோர் என்பார். யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குச் சண்டையில்லை. என் மனுஷர் எழுந்து உட்கார்ந்தார், அது போதும்.

ஆனால் கஸ்தூரி மேல் எனக்கு ஒரு மூலையில் கோபம் இருந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு வாசலில் நிற்க வைத்தாளே என்று.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் படியிறங்கி வந்து, குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள். கஸ்தூரி ஒரு வார்த்தை பேசாமல் மோரை ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். கிண்ணம் வாசப்படியைத் தாண்டி, மாடிப்படி ஏறிப் போய்விட்டது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவளுக்குக் கொடுத்தால் மட்டும் லட்சுமி போகமாட்டாளா, எனக்குக் கொடுத்தால்தான் போவாளா என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டேன்.

கஸ்தூரி மத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, ஆணியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுல அந்த வழக்கமெல்லாம் பாக்கறதில்லக்கா. அன்னிக்கு வாயில அதான் வந்துச்சு" என்றாள்.

அப்புறம் சொன்னாள். பழனி படுத்த பிறகு மோரைக் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாளாம். முதலில் டம்ளர், பிறகு அரை டம்ளர், பிறகு கரண்டி. கடைசி நாள் காலையில் கொண்டுபோய் வைத்த மோர் சாயங்காலம் வரை அங்கேயே இருந்ததாம். யாருக்கும் அதை எடுத்துக் கொட்டத் தோன்றவில்லையாம்.

"இன்னொருத்தரு கட்டிலுக்கு என் கையால மோரு அனுப்ப எனக்குத் தெம்பு இல்லக்கா. அதுவும் அண்ணனுக்கு. நீ வெறும் சொம்போட போனியா, நான் கதவாண்டயே நின்னுகினு உங்க வூட்டு வாசலயே பாத்துகினு இருந்தேன். அண்ணன் வரலன்னா நானே எடுத்துகினு வந்திருக்கணும். வந்திருப்பேன். ஆனா அத்தோட நான் மோரே கடைஞ்சிருக்க மாட்டேன்."

அவள் கை ஈரமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பிரியம் எனக்கு அவள் மேல் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் ஒரு டம்ளர் கொடு என்றேன். கஸ்தூரி எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்து, நான் குடித்து முடிக்கிற வரை எதிரிலேயே நின்றாள். இத்தனை வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தும் அவள் மோரை நான் குடித்ததில்லை. என் மோரைவிட நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் அப்போதே சொல்லிவிட்டேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.